கழுக்கோலில் தொங்கிய முழக்கோல்

"முடியாது" என்று ஒரு சொல் இருப்பதே அந்த ஆசாரிக்குத் தெரியாது. நான் முப்பத்தோரு வருஷம் பெண்பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தவள். வயிற்றுவலிப் பொய், சிலேட்டு உடைந்த பொய், ஆற்றில் வெள்ளம் என்ற பொய் எல்லாவற்றையும் கேட்ட மாத்திரத்தில் கண்டுபிடித்துவிடுவேன். ஆனால் அந்த மனுஷன், "நாளைக்கு விடியக்காலம் முதல்ல உங்களுக்க வேலையாக்கும் வாத்திச்சியம்மா" என்று சொன்னபோது என்னால் ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை. ஏனென்றால் அது பொய்யில்லை. சொல்லும் நேரத்தில் அவர் அதை முழுக்க முழுக்க நம்பினார். அங்கேதான் நான் ஏமாந்தேன்.

பேரைச் சொல்லப் போவதில்லை. அவருடைய பேரன்மார் இன்றைக்கும் குழித்துறைப் பக்கத்தில் உளி பிடித்துப் பிழைக்கிறார்கள். எங்கள் சந்தைத் தெருவில் ஆசாரி என்று சொன்னாலே அவர்தான். ஒல்லியான, உயரமான ஆள். பேசும்போது நம் முகத்தைப் பார்க்கமாட்டார், நம் வீட்டுக் கூரை மோட்டைப் பார்ப்பார். குடி கிடையாது, சீட்டாட்டம் கிடையாது, சும்மா உட்கார்ந்திருந்து அவரைக் கண்டவர் யாருமில்லை. எப்போது தேடிப் போனாலும் எங்கேயாவது வேலை செய்துகொண்டுதான் இருப்பார். நம்முடைய வேலையாக அது இராது, அவ்வளவுதான்.

அவரைப் பற்றி நினைத்தால் முதலில் ஞாபகம் வருவது அடுத்த வீட்டுக் கொப்பரை வியாபாரியின் இறவாரம். ஊர்க் கமிட்டியிலிருந்து ஓவர்சியர் ஒருவர் நாடாவும் தொப்பியுமாக வந்து, ரோட்டுக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் கூரையில் ஒரு முழத்தை வெட்ட வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். வியாபாரிக்கு அது ஆகாது. இறவாரம் குறைந்தால் சாரல் அடித்துக் கொப்பரை பூத்துப் போகுமே. ஓவர்சியர் கேட்டதற்கு ஆசாரி, "வெட்டிரலாம் எசமானே" என்றார். வியாபாரி கேட்டதற்கு, "வெட்டாண்டாம் முதலாளி" என்றார். இரண்டையும் நான் என் காதால் கேட்டேன். இந்த மனுஷன் என்னதான் செய்யப் போகிறார் என்று ஜன்னலை விட்டு நகராமல் பார்த்துக்கொண்டிருந்தேன்.

செய்தார். அந்த ஒரு முழத்தையும் வெட்டி, வெட்டிய துண்டுக்குக் கீல் வைத்துத் திரும்பவும் மாட்டிவிட்டார். கயிற்றை இழுத்தால் இறவாரம் மடங்கிக் கூரை மேல் படுத்துக்கொள்ளும், விட்டால் பழையபடி ரோட்டுக்கு மேலே நீளும். இப்படியும் ஒருவன் செய்வானா! அழகான வேலை. ஒரு மாசம் கமிட்டிக்குத் தெரியவில்லை. பிறகு ஓவர்சியர் கீழே நின்று நாடாவை விரித்த ஒரு காலையில் கயிறு அறுந்தது. ஒரு முழம் கூரையும் இறங்கி அவருடைய தொப்பியை நெற்றிவரைக்கும் அழுத்திவிட்டது. அவருக்கு அடி படவில்லை, தெரு முழுக்கச் சிரித்ததுதான் பட்டது.

"இது என்னவேய்?" என்று கத்தினார்.

ஆசாரி கொஞ்சமும் பதறாமல் சொன்னார்: "ரெண்டு பேருக்கும் மனசு நோவாண்டாம்னு செய்ததாக்கும் எசமானே."

இதைக் கேட்டு நானும்தான் சிரித்தேன். ஒரே நாள், ஒரே முகூர்த்தத்தில், மூன்று வீட்டில் வாசல் நிலை வைக்க வருவதாக அவர் ஒப்புக்கொண்டார் என்று கேட்டபோதும் சிரித்தேன். மூன்று வீட்டாரும் மஞ்சளும் பூவும் எடுத்து வைத்துக்கொண்டு வழியைப் பார்த்திருக்க, அவர் நாலாவதாக ஒரு கிழவிக்குக் கோழிக்கூடு அடித்துக்கொண்டிருந்தாராம். வழியில் அவள் கேட்டாளாம். அடுத்தவன் வீட்டு இடி நமக்குச் சிரிப்புத்தானே. என் வீட்டில் விழும்போதுதான் சிரிப்பு நின்றது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கம். அதற்கு முந்திய கோடையில் எங்கள் தெருவின் மேற்குக் கோடியில் ஒரு பலகாரக் கடை தீப்பிடித்து, ஒரே மத்தியானத்தில் வரிசையாக ஓலைக் கூரைகள் சாம்பலாயின. அதிலிருந்து கமிட்டி ஒரு சட்டம் போட்டது. சந்தைத் தெருவில் இனி ஓலைக் கூரை ஆகாது. மேட மாசம், அதாவது சித்திரை, முடிவதற்குள் ஓலையை இறக்கி ஓடு போட வேண்டும். தவறினால் கமிட்டி ஆட்களே வந்து ஓலையைப் பிடுங்கிப் போடுவார்கள். அன்றைய சர்க்கார் மொழியான மலையாளத்தில் அச்சடித்த நோட்டீஸை எழுத்துக்கூட்டி வாசித்து முடித்ததும் உள்ளே போய்க் கூரையை அண்ணாந்து பார்த்தேன். என் வீட்டுக்காரர் கொழும்பில் ஒரு கம்பெனியில் இருந்தார். வீட்டில் நானும், இடுப்பெலும்பு முறிந்து படுக்கையில் கிடந்த என் மாமியாரும்தான். மாமியைப் புரட்டிப் படுக்க வைக்கவே இரண்டு பேர் வேண்டும். மேடம் முடிந்து பதினைந்து நாளில் இடவப்பாதி மழை வந்துவிடும், எங்கள் பக்கத்தில் அது சொல்லிவைத்ததுபோல் வரும்.

எல்லா வீட்டுக்கும் நோட்டீஸ் வந்திருந்ததால் ஆசாரி கிடைப்பது குதிரைக்கொம்பாக இருந்தது. கேட்ட இடத்திலெல்லாம் கையை விரித்தார்கள். இவர் ஒருவர்தான், "அதுக்கென்ன வாத்திச்சியம்மா, செய்து தாறேன்" என்றார். என் மூளை எங்கே போயிற்று என்று கேட்காதீர்கள். கொடுக்கும் கையைத் தட்டிவிடுகிற நிலையில் நான் இல்லை.

மறுநாள் சொன்னபடி வந்தார், அதுவே ஒரு அதிசயம். தன்னுடைய முழக்கோல் ஒன்றை எடுத்து, வீட்டை அளந்து, அளந்து முடித்ததும் அதை உள்கூரையில் ஒரு கழுக்கோலில், அதாவது மோட்டிலிருந்து சரிவாக இறங்கும் அந்த நீள மரத்தில், கயிறு போட்டுக் கட்டித் தொங்கவிட்டார். கருங்காலிக் கோல். அளவுக் கோடெல்லாம் கைபட்டுத் தேய்ந்திருந்தது. வீட்டில் பாதிக் கூரையை அன்றைக்கே பிரித்தார். உளுத்த கழுக்கோல்களை அடுக்கி வைத்தார். "நாளைக்கு விடியக்காலம்" என்று சொல்லிவிட்டுப் போனார். போனவர் போனவர்தான்.

ஒரு நாள், இரண்டு நாள், ஐந்து நாள். பாதி வீட்டில் வானம் தெரிந்தது. அடுக்களையில் காக்கை வந்து உட்கார்ந்தது. மாமி கிடந்த பாதியில் மட்டும் பழைய ஓலை இருந்தது, அதுவும் கமிட்டி பிடுங்கப் போகும் ஓலை. நான் வேறு ஆசாரி ஒருவரைக் கெஞ்சிக் கூட்டி வந்தேன். அந்த மனுஷன் உள்ளே வந்து அண்ணாந்து பார்த்தார், தொங்கும் கோலைக் கண்டார், தீயை மிதித்தவர்போல் வெளியே போய்விட்டார்.

"ஒரு ஆசாரிக்க கோலு தொங்குத வீட்டுல இன்னொருத்தன் உளி வைக்கமாட்டான் அம்மா. அவரு வந்து அவிழ்க்கட்டு."

அப்போதுதான் எனக்கு விஷயம் உறைத்தது. அந்தக் கோல் தொங்கும் வரைக்கும் வீடு அவருக்குச் சொந்தம். விசாரித்துப் பார்த்தால் அவருடைய கோல் எங்கள் வீட்டில் மட்டுமல்ல, கொப்பரை வியாபாரியின் கிட்டங்கியில் ஒன்று, வைத்தியர் வீட்டில் ஒன்று, வண்டிக்காரர் வீட்டில் ஒன்று. நாலு வீட்டைத் திறந்து போட்டுவிட்டு மனுஷன் காணாமல் போயிருந்தார். ஆற்றோரம் இருந்த அவர் வீட்டுக்கு ஆறு தடவை நடந்தேன். ஒவ்வொரு தடவையும் அவர் மனைவி வாசலுக்கு வந்து தலையைக் குனிந்துகொண்டு நிற்பாள். "இப்பத்தான் இரணியலுக்குப் போனாரு." "உங்களுக்க வேலைக்குத்தான் மரம் பாக்கப் போனாரு." "கடியப்பட்டணத்துல ஒரு வள்ளத்துக்குப் பலகை மாத்தணும்னு வந்து கையைப் பிடிச்சாவ, மாட்டேன்னு சொல்ல முடியல்ல அவருக்கு." கடைசித் தடவை நான் அவளிடம் வாய்க்கு வந்ததைச் சொன்னேன். வகுப்பில் பிரம்பெடுத்தபோதுகூட அப்படிப் பேசியதில்லை.

மேடம் முடிய ஒன்பது நாள் இருந்தது. அன்று காலையில் ஓவர்சியர் ரோட்டில் நின்றபடியே, "வாத்திச்சியம்மா, ஓலை பிடுங்க ஆளு ஏற்பாடு செய்தாச்சு. படுக்கையில ஆளு கிடக்குன்னு சட்டம் பாக்காது" என்று சொல்லிவிட்டுப் போனார். மாமி தூங்கிக்கொண்டிருந்தாள். ஏணியைப் போட்டு ஏறினேன். கயிற்றை அறுத்தேன். கோலை எடுத்துக்கொண்டு இறங்கி, இதை அவர் வாசலில் எறிந்துவிட்டு வேறு ஆளைக் கூட்டிவருவது என்று ஒரே வீச்சில் நடக்கத் தொடங்கினேன். அவர் தொங்கவிட்டதை நான் திருப்பிக் கொடுத்தால் கணக்குத் தீர்ந்தது என்றுதான் நினைத்தேன். நான் சபை உபதேசியார் வீட்டுப் பெண், ஆசாரிமார் வழக்கம் எனக்கு எங்கே தெரியும்?

வழியில் கொல்லன் பட்டறையில் துருத்திச் சத்தம் நின்றது. கொல்லர் எழுந்து தலைத்துண்டை அவிழ்த்தார். மர அறுப்புக்காரர் இரண்டு பேர் வாளைக் கீழே வைத்துவிட்டு என் பின்னால் வந்தார்கள். பெண்கள் முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு வேலிக்குப் பின்னாலிருந்து வெளியே வந்தார்கள். வாத்திச்சி கோபமாகப் போகிறாளே, வேடிக்கை பார்க்க வருகிறார்கள் என்று நான் இன்னும் தலையை நிமிர்த்திக்கொண்டு நடந்தேன். ஆற்றோரம் போய்ச் சேரும்போது என் பின்னால் முப்பது பேராவது இருப்பார்கள். ஒருவரும் பேசவில்லை.

அவள் முற்றத்தில் நெல் புழுக்கிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்தாள். என்னைப் பார்க்கவில்லை, என் கையைப் பார்த்தாள்.

"இந்தா, வாங்கிக்கோ" என்று கோலை நீட்டினேன்.

அவள் அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். அடுத்தாற்போல் அவளிடமிருந்து ஒரு சத்தம் வந்தது பாருங்கள், ஆற்றுக்கு அக்கரை வரைக்கும் கேட்டிருக்கும். என் பின்னால் நின்ற பெண்கள் ஓடிவந்து அவளைக் கட்டிக்கொண்டு மாரடித்தார்கள். ஒரு வேலை கைவிட்டுப் போனதற்கா இந்த அழுகை என்று நான் விழித்துக்கொண்டு நின்றேன். கொல்லர் கிட்டே வந்து தாழ்ந்த குரலில் கேட்டார்:

"மோட்டுல இருந்தா விழுந்தாரு? உடலு எங்க கிடக்கு அம்மா?"

ஆசாரி தன் கோலைத் தானே அவிழ்ப்பார். வேலை தந்த வீட்டார் அதை எடுத்து அவர் வீட்டில் கொண்டு கொடுத்தால், வேலையிடத்தில் ஆள் இறந்துவிட்டார் என்று அர்த்தமாம். "சாகல்ல! அவரு சாகல்ல! நான் அவரைக் கண்டே பதினோரு நாளாச்சு!" என்று கத்தினேன். அழுகையில் யாருக்கும் கேட்கவில்லை. கேட்டபோது நேரம் கடந்துவிட்டிருந்தது. வழியிலேயே இரண்டு பேர் சந்தைத் தெருவுக்குச் சேதி சொல்ல ஓடிவிட்டிருந்தார்கள்.

ஒருவழியாகச் சத்தம் அடங்கி, கூட வந்தவர்கள் கலைந்ததும் நான் அவளைத் தூக்கி உள்ளே கூட்டிப் போனேன். அந்த வீட்டுக்குக் கதவில்லை, ஒரு பாய்தான் தொங்கியது. கலயத்தில் இருந்த தண்ணீரைக் குடிக்கக் கொடுத்து, அவள் கையைப் பிடித்து, "எனக்குத் தெரியாம செய்துட்டேன், மன்னிச்சுக்கோ" என்றேன். எனக்கும் அழுகை வந்துவிட்டது. அவள் அழுகையை நிறுத்திவிட்டுப் பாயைப் பார்த்தாள், வெளியே யாரும் கேட்கிறார்களா என்று.

"வாத்திச்சியம்மா, ஒரு காரியம் சொல்லட்டா? நீங்க கோலை நீட்டினப்போ எனக்கு முதல்ல அழுகை வரல்ல."

"பின்னே?"

"அப்பாடான்னு வந்துது. இனி ஒருத்தருக்கும் பதில் சொல்லாண்டாம், வாசல்ல வந்து ஒருத்தரும் ஏசமாட்டாவன்னு வந்துது. அவரு ஊருக்கெல்லாம் செய்து தாறேன்னு சொல்லிட்டுப் போயிருவாரு. இல்லன்னு சொல்லுதது முப்பது வருசமா நானாக்கும்." கொஞ்சம் மூச்சு வாங்கினாள். "இப்படி எனக்குத் தோணிப்போச்சேன்னுதான் அந்தச் சத்தம் போட்டு அழுதேன். அவருக்காக இல்ல."

அவளை ஏசியவர்களில் நானும் ஒருத்தி. அவள் கையை விடாமல் உட்கார்ந்திருந்தேன். அவ்வளவுதான் என்னால் முடிந்தது.

வெளியே பேச்சுச் சத்தம் கேட்டு எழுந்து வந்தேன். சந்தைத் தெருவிலிருந்து ஆட்கள் வந்திருந்தார்கள். வைத்தியர் ஒரு கோல், வண்டிக்காரர் ஒரு கோல், கொப்பரை வியாபாரி ஒரு கோல். செத்தவனுக்குச் செய்யும் மரியாதையாக ஆளுக்கொன்றாகக் கொண்டுவந்து முற்றத்துப் பாயில், நான் கொண்டுவந்த கோலோடு சேர்த்து வைத்தார்கள். ஆள் சாகவில்லை என்பதை அவர்களிடம் சொல்ல நான் வாயைத் திறப்பதற்குள் வியாபாரி பக்கத்தில் நின்றவரிடம் சொன்னார்:

"பாவம், நல்ல மனுசன்தான். எண்ணாலும் நம்மளுக்கு இன்னைக்காக்கும் விடிவுகாலம். நான் வாற வழியிலேயே வேற ஆசாரிக்கு ஆளனுப்பியாச்சு."

"நானும் அனுப்பியாச்சு" என்றார் வைத்தியர். வண்டிக்காரர் சிரிப்பை அடக்கப் பார்த்து, முடியாமல் சிரித்தார்.

அவர்களுக்குப் பின்னால், ஆற்றுக் கடவிலிருந்து ஏறிவரும் பாதையில், தோளில் பணிச்சாமான் பையும் கையில் ஓலையில் கோத்த மீனுமாக ஆசாரி நின்றுகொண்டிருந்தார். எவ்வளவு நேரமாக நிற்கிறார் என்று தெரியவில்லை. சிரித்த முகத்தைக் கண்டார் என்பது மட்டும் எனக்குத் தெரிந்தது. பாயில் கிடந்த நாலு கோலையும் அவர் ஒவ்வொன்றாகப் பார்த்தார். யாரும் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கவில்லை. திரும்பிப் பார்த்த வியாபாரி பேயைக் கண்டவர்போல் இரண்டடி பின்னால் போனார். ஆசாரி மீனை வேலியில் தொங்கவிட்டுவிட்டு, நாலு கோலையும் எடுத்துப் பையில் வைத்துக்கொண்டு, வந்தவர்களைப் பார்த்துக் கும்பிட்டார்.

நான் வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னபோது மாமி படுத்த வாக்கிலேயே தலையில் அடித்துக்கொண்டாள். "ஏட்டி, உயிரோட இருக்குத ஆளுக்க கோலைக் கொண்டு குடுத்தியா? என்னை எழுப்பிக் கேட்டிருந்தா என்ன?"

மற்ற மூன்று வீட்டிலும் அன்றே வேறு ஆசாரிமார் ஏறிவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியுமா? மறுநாள் விடியக்காலம் என் வாசலில் சத்தம் கேட்டது. ஆசாரி, கூடவே அவருடைய மச்சினன்மார் இரண்டு பேர். அவர் வாசற்படியில் ஏறவில்லை.

"கோலைத் திரும்பக் கெட்டிக்கிடட்டா வாத்திச்சியம்மா? ஆண்டாம்னா போயிருதேன்."

வேண்டாம் என்று சொல்ல எனக்கு எல்லா நியாயமும் இருந்தது. "கெட்டும்" என்றேன்.

ஏழு நாள். ஒரு நாள்கூடத் தவறவில்லை. யாரோ வந்து எதற்கோ கூப்பிட்டார்கள், "மச்சினன்கிட்ட கேளும்" என்று சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். மாமியின் கட்டிலுக்கு மேலே பந்தல்போல் பலகை அடைத்து, ஒரு தூசி அவள் மேல் விழாமல் பழைய ஓலையை இறக்கினார். ஆணியே இல்லாமல் அவர் பொருத்திய மூட்டுகளில் ஒரு மயிரிழை நுழையாது. ஓவர்சியர் வந்து நாடாவைப் பிடித்து, இறவாரத்தைக் கையால் இரண்டு தரம் தூக்கிப் பார்த்து, மடங்கவில்லை என்று நிச்சயப்படுத்திக்கொண்டு கையெழுத்துப் போட்டார். மேடம் முடிய இன்னும் ஒரு நாள் இருந்தது. நான் கர்த்தருக்கு ஸ்தோத்திரம் சொல்லிவிட்டு உட்கார்ந்து அழுதேன்.

சாயங்காலம் மச்சினன்மார் போன பிறகு ஆசாரி கோலை அவிழ்க்க ஏணியில் ஏறினார். நான் கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஏழு நாளாகப் பேசாத மனுஷன், மேலே முடிச்சை அவிழ்த்துக்கொண்டே பேசினார்.

"எல்லாருக்க முகத்தையும் நான் பாத்தேன் வாத்திச்சியம்மா. நான் செத்தேன்னு கேட்டு ஊரு எம்புட்டு சந்தோசப்பட்டுதுன்னு பாத்தேன்."

"அதை விடும் ஆசாரியாரே."

"விட்டாச்சு. எனக்கு அதுல வருத்தமில்ல." கோல் கையில் வந்துவிட்டது, அவர் இறங்கவில்லை. "அன்னைக்கு வள்ளம் கிடைக்காம அக்கரையில நிக்கேன். இக்கரையில இருந்து ஒரு அழுகை. அவளுக்க தொண்டைன்னு எனக்குத் தெரிஞ்சுது. அப்படியொரு அழுகை நான் கேட்டதில்ல. ஊரு சிரிச்சா சிரிச்சிட்டுப் போகட்டு. எனக்காகக் கரைஞ்சு அழ எனக்கவ ஒருத்தி இருக்கா, அது போதுமாக்கும். நீங்க பக்கத்துல நிண்ணியள்லா, கேட்டியளா?"

முதல்முறையாக அவர் மோட்டை விட்டு என் முகத்தைப் பார்த்தார்.

"கேட்டேன் ஆசாரியாரே" என்றேன். "உமக்காக அப்படி அழுதா."